தலையணை வாய் எந்தப் பக்கம்?

போன மாதம் ஸ்வப்னா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் இப்போது அவள்தான் துறைத் தலைவி. மாரெட்பள்ளியில் எங்கள் சந்துக்குள் கார் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து வந்தவள், உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் புலம்ப ஆரம்பித்தாள். அவள் பேசுவது தெலுங்கு. எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதால் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

“மேடம், புதுசா வந்திருக்கிற லெக்சரர்ங்க யாரும் ஆன்லைன் பாடம் எடுக்க மாட்டேங்கறாங்க. ஒத்தக் கால்ல நிக்கறாங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்.”

“நானா? அந்தக் காலேஜ்ல முதன்முதலா ஒத்தக் கால்ல நின்னவளே நான்தானேடி!”

“அதனாலதான் மேடம் கூப்பிடறேன்.”

மேடையேறிப் பேசுகிற வேலையெல்லாம் எனக்கு ஆகாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இதைப் பேசியிருந்தால் பாதியிலேயே மேடையை விட்டு இறங்கியிருப்பேன். நல்லவேளை.

என் பெயர் விஜயா. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் பண்ணிக்கொண்டது, கிழவியானது எல்லாம் செகந்திராபாத்தில்தான். படிப்பு முடிந்து ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை. எட்டு வருடம் முதுகு ஒடிய வேலை செய்து சூப்பர்வைசர் ஆனேன். எனக்கு மேலே இருந்த அம்மாள் அறையைச் சோதிக்கிற விதமே தனி. முதலில் கதவருகே நின்று பார்ப்பாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். கடைசியில் கட்டிலில் தலை வைத்துக் கூரையைப் பார்ப்பாள். “கெஸ்ட் எங்கேருந்து பாப்பாங்களோ அங்கேருந்து பாரு, நீ நிக்கிற எடத்துலேருந்து பாக்காதே” என்பாள். என் படிப்பு, பயிற்சி எல்லாவற்றையும் பிழிந்தால் மிஞ்சுவது இந்த ஒரு வரிதான். அதற்குப் பிறகு பேகம்பேட்டில் இருந்த அந்தக் கல்லூரிக்கு வந்து, ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குக் கட்டில் போடக் கற்றுக்கொடுத்தேன்.

சிரிக்காதீர்கள். கட்டில் போடுவது லேசான காரியம் இல்லை. பழைய விரிப்புகளை ஒட்டுமொத்தமாகச் சுருட்டி இழுக்கக் கூடாது, ஒவ்வொன்றாக எடுத்து உதற வேண்டும். கெஸ்ட்டின் மூக்குக்கண்ணாடி, குழந்தையின் சாக்ஸ் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அடிவிரிப்பின் நடுமடிப்பு மெத்தையின் நடுவில் கோடு போட்ட மாதிரி விழ வேண்டும். தலைமாட்டை முதலில் செருகி, மூலையைக் கடிதஉறை மாதிரி மடித்து, மெத்தைக்கு அடியில் தள்ள வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கம் போகலாம். சும்மா கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தால் சாயங்காலம் கால் இருக்காது. தலையணைக்கு உறை போடும்போது மோவாயில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடைசியாக, உறையின் திறந்த வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் கெஸ்ட்டின் கண்ணில் படுவது மூடிய, சுத்தமான ஓரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். இதையெல்லாம் நான் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுப்பேன். விரிப்பை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை வாயால் சொல்ல முடியாது.

எங்கள் பிரின்சிபால் தனராஜ் சார். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத் ராணுவப் பாளையத்துக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் பாதி தக்காணி உருது கலந்திருக்கும். ரூம் சர்வீஸில் தட்டு தூக்கி மேலே வந்தவர். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. எங்கள் ஸ்டாஃப் ரூம் கதவு திறந்தே கிடந்தாலும் விரல் முட்டியால் மூன்று முறை தட்டுவார். தட்டிவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்து நிற்பார். உள்ளேயிருந்து “வாங்க சார்” என்று குரல் வந்தால்தான் காலை எடுத்து வைப்பார். அவர் யாருக்கும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொல்வார், “நக்கோன்னா நக்கோ, ஜபர்தஸ்தி கிடையாது” என்பார், போய்விடுவார். வேண்டாமென்றால் வேண்டாம், கட்டாயமில்லை என்று அவர் சொன்ன பிறகு நமக்கு மறுக்க மனசு வராது.

கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்த விமான நிலையம் ஊருக்கு வெளியே ஷம்ஷாபாத் பக்கம் போய், நான் சொல்லப்போகிற சமயத்தில் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பெல்லாம் விமானம் தலைக்கு மேலே இறங்கும்போது பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பிள்ளைகள் என்ன கேட்கலாம் என்று யோசித்து வைத்திருப்பார்கள். அடங்கியதும் நாலு கை உயரும். விமானம் போனதும் எங்களுக்கு நிறுத்தாமல் பேச முடிந்தது. அது லாபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம்தான் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பகுதியை வீடியோவாக எடுத்து இணையத்தில் போட வேண்டும், அதைப் பார்க்கிற மாணவர்களுக்கு அதையே வருகையாக எடுத்துக்கொள்ளலாம் என்று. ஸ்டாஃப் ரூம் கொதித்தது. சமையல் எடுக்கிற பாஸ்கர் சார், “வெங்காயம் வதங்குற வாசனை கம்ப்யூட்டர்ல வருமா? வரட்டும், அன்னிக்கு நான் எடுக்கறேன்” என்று மேஜையைத் தட்டினார். எல்லார் சார்பிலும் கடிதம் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்குத்தான் இங்கிலீஷ் கொஞ்சம் காரமாக வரும். நான்கு பக்கம் எழுதினேன். தொட்டுச் சொல்லித்தர வேண்டிய தொழிலைத் திரையில் சொல்லித் தந்தால் பிள்ளை தப்பாகக் கற்றுக்கொள்வான், அந்தத் தப்பு பரீட்சை அன்றுதான் தெரியும், அப்போது யார் பொறுப்பு என்று கேட்டிருந்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், ஸ்வப்னாவைத் தவிர. அவள் ஃப்ரன்ட் ஆபீஸ் பாடம் எடுப்பவள், சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

கடிதத்தில் எழுதாத காரணம் ஒன்றும் இருந்தது. இப்போது சொல்வதில் என்ன வெட்கம்? என் கையை ஒரு தரம் படம் பிடித்துக்கொண்டால், அப்புறம் அந்தக் கையோடு ஒட்டியிருக்கிற நான் எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

தனராஜ் சார் கடிதத்தை நின்றபடியே படித்தார். “காய்கு மேடம், எதுக்கு இவ்ளோ கோவம்? நல்லா எழுதியிருக்கீங்க” என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து மதியம் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. பெயர் ஜெபராஜ். இரண்டாம் வருட டிப்ளமோவில் இருந்த ஷீபாவின் கணவன். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். அவன் வேலைக்காக இங்கே வந்தவர்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்களிடம் வந்து சேர்ந்தவள் அவள்.

“மேடம், அவ மாசமா இருக்கா. டாக்டர் பிரசவம் வரைக்கும் எந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க. ஒண்ணுக்குப் போகத்தான் எறங்கணுமாம். வருகை கொறஞ்சா பரீட்சை எழுத விட மாட்டாங்களாம்லா? ஸ்வப்னா மேடம் அவங்க பாடத்தை இணையத்துல போட்டுட்டாங்க. நீங்களும் போட்டீங்கன்னா…”

“கட்டில் போடறதைப் படுத்துக்கிட்டே எப்படிப்பா கத்துக்கறது?” என்று கேட்டேன். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் மரியாதைக்குச் சிரித்தான்.

“அடுத்த வருஷம் வந்து சேந்துக்கட்டும். உடம்புதான் முக்கியம்.”

“புது ஹோட்டல் ஒண்ணுல அவளை எடுத்திருக்காங்க மேடம். சூப்பர்வைசர் ட்ரெய்னி. சர்ட்டிபிகேட்டோட வரணும்னு எழுதியிருக்கு. அடுத்த வருஷம்னா அது போயிரும். கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு மறுபடி படிக்க ஊர்ல விடவும் மாட்டாங்க.” குரல் தாழ்ந்தது. “அவ அழவே மாட்டா மேடம். நேத்து அழுதா.”

பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். ‘பார்க்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம், அது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் நாள் காலையிலேயே கதவில் மூன்று தட்டு. தனராஜ் சார் கையில் ஹெல்மெட்டோடு நின்றார். “மேடம், வாங்க. ஒரு ரூம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு.” எந்த ஹோட்டல் என்று கேட்டால் சொல்லவில்லை. அவருடைய பழைய ஸ்கூட்டரில், ஐம்பத்தைந்து வயதில், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்து போன கோலத்தைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் மானம் போயிருக்கும். ராணுவ நிலத்தை ஒட்டிய காம்பவுண்டு ஓரமாகவே போய், லோத்குண்டாவில் ஒரு மாடிவீட்டின் முன்னால் நிறுத்தினார். கதவு சாத்தாமல் கிடந்தது. மூன்று தட்டு தட்டி, ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“தொறந்துதான் கெடக்கு, வாங்க” என்று உள்ளேயிருந்து ஷீபாவின் குரல்.

அவள் கட்டிலின் இடது பாதியில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலது பாதியில் வெள்ளை விரிப்பு விரித்து, மூலை மடித்துச் செருகியிருந்தது. ஜெபராஜ் முழங்கையில் வியர்வையோடு நின்றான். அவள் பக்கத்தில் என் பாடப்புத்தகம். எனக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆயிற்று. படுத்துக்கொண்டே புத்தகத்தைப் படித்து அவள் சொல்ல, அவன் போட்டுக்கொண்டிருக்கிறான். ஆபீஸுக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு தரம், வந்த பிறகு ஒரு தரம்.

“எந்திரிக்காதே, எந்திரிக்காதே” என்று சொல்லிக்கொண்டே என் கை தானாக அந்த மூலைக்குப் போனது. தூக்கிப் பார்த்தேன். தொளதொளவென்று வந்தது.

“இழுவை பத்தலைலா மேடம்?” என்றாள் படுத்தபடியே. “நான் இவங்க கிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கேன். புத்தகத்துல எவ்ளோ இழுக்கணும்னு போடலை மேடம்.”

நான் பிரித்து மறுபடி மடித்துச் செருகினேன். அவள் தலையை மட்டும் தூக்கி என் கையையே பார்த்தாள். திரும்பி வந்ததும் தனராஜ் சார் கல்லூரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, “நக்கோன்னா நக்கோ மேடம்” என்றார். அடப் போய்யா என்று மனதில் சொல்லிக்கொண்டு நேராக ஸ்வப்னாவிடம் போனேன்.

வீடியோ எடுத்தது எங்கள் மாதிரி அறையில். கட்டிலுக்கு ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் ஜன்னல். வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்து வருவதால் ஸ்வப்னா கேமராவை அங்கே வைத்தாள். நான் கதவுக்கு முதுகு காட்டி நின்று எல்லாவற்றையும் செய்து காட்டினேன். உள்ளங்கை வியர்த்தது. முடிந்ததும் ஸ்வப்னா, “பாருங்க மேடம், எவ்ளோ நல்லா வந்திருக்கு” என்றாள். என் மூஞ்சியை நானே பார்க்க எனக்குச் சகிக்காது என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு சீட்டில் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தாள். “மேடம், வீடியோவுக்குக் கீழே அவங்க சந்தேகம் கேப்பாங்க. உங்க பக்கத்தை நீங்கதான் பாக்க முடியும். மறக்காம பதில் போடுங்க.” சரி சரி என்று சீட்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் செருகினேன். ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். கேட்டதைச் செய்து கொடுத்தாயிற்று, இதற்கு மேல் அந்தப் பெட்டி முன்னால் போய் உட்கார மாட்டேன் என்ற வீம்பு.

பிப்ரவரியில் ஷீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்ததாக ஸ்வப்னா சொன்னாள். எழுத்துப் பரீட்சையை ஷீபா மே மாதத்தில் எழுதிவிட்டாள். செய்முறைத் தேர்வு ஜூனில். முதல் மழை பெய்த மறுநாள். தாழ்வாரத்தில் மாமியார் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷீபா வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் போட்டு, முடியை இறுக்கிக் கட்டி வந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பத்மஜா, பெரிய ஹோட்டலொன்றில் ஹவுஸ்கீப்பிங் தலைவி. கறார்ப் பேர்வழி. மதிப்பெண் தாளில் ‘கெஸ்ட்டின் பார்வை’ என்று ஒரு தலைப்பு உண்டு. கதவருகே நின்று பார்த்துப் போடுகிற மதிப்பெண். மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் அதில் பூஜ்யம் வாங்கினால் தேர்வே போச்சு. பன்னிரண்டு நிமிடத்தில் கட்டிலை முடிக்க வேண்டும்.

ஷீபா கதவை மூன்று முறை தட்டினாள். “ஹவுஸ்கீப்பிங்” என்று குரல் கொடுத்தாள். காத்திருந்தாள். உள்ளே வந்தாள். அப்புறம் அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! ஒரு அடி வீணில்லை. மூலை மடிப்பை பத்மஜா விரலால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. தன் கணவனின் கையை வைத்து மாதக்கணக்கில் கற்றுக்கொண்ட பெண், பிள்ளை பெற்ற பிறகு தன் கையால் எத்தனை தரம் போட்டுப் பார்த்தாளோ! பத்தரை நிமிடத்தில் இரண்டு தலையணைகளையும் தட்டி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

பத்மஜா கதவருகே போய் நின்று பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு தலையணையின் வாயும் கதவைப் பார்த்துத் திறந்து கிடந்தது. பத்மஜா பூஜ்யம் போட்டார்.

பின்னால் வேடிக்கை பார்க்க நின்றிருந்த பாஸ்கர் சார் என் காதருகே, “மேடம், உங்க லெட்டரை ஃபிரேம் போட்டு மாட்டணும்” என்று கிசுகிசுத்தார். நான் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான்கு பக்கம் எழுதியது வீண் போகவில்லை என்று ஒரு திருப்தி. அந்தக் கணத்துக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

வெளியே அழைத்துப் போய் அவளைக் கேட்டேன். “என்னம்மா இது? தலையணை வாய் எந்தப் பக்கம் இருக்கணும்?”

“கதவுப் பக்கம் மேடம்.”

“யார் சொன்னா?”

அவள் விழித்தாள். “நீங்கதான் மேடம். வீடியோவுல அப்படித்தானே வச்சீங்க.” என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டாள். “எனக்கும் சந்தேகம் வந்துச்சு மேடம். புத்தகத்துல மாத்திப் போட்டிருந்துச்சு. அதுல கேட்டேன். பதில் வரலை. மூணு தடவை கேட்டேன். சரி, புத்தகம் தப்பா இருக்கும், மேடம் தப்பா வைக்க மாட்டாங்கன்னு…”

“போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?”

“சந்தேகத்தை அதுலதான் எழுதணும்னு போட்டிருந்தது மேடம். உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சேன்.” பிறகு மெதுவாக, “ஃபெயிலா மேடம்?” என்றாள். தாழ்வாரக் கோடியில் குழந்தைக்குப் பசி அழுகை ஆரம்பித்தது.

நான் ஸ்வப்னாவின் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். “அந்த வீடியோவைப் போடு.” முதன்முறையாக என்னைப் பார்த்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் கதவு, அதில் தீ விபத்து வழிகாட்டிப் படம்கூடத் தெரிகிறது. தலையணையைத் தட்டி, மூடிய ஓரத்தைக் கேமராவுக்குக் காட்டி அழகாக வைக்கிறேன். வாய் கதவைப் பார்க்கிறது. ஐயோ, கடவுளே. கெஸ்ட் எங்கேயிருந்து பார்ப்பாரோ அங்கேயிருந்து பார் என்று ஊறிப்போன புத்தி. பார்க்கிற கண்ணான கேமரா ஜன்னலோரம் இருக்க, கை அதற்கு மரியாதை செய்துவிட்டது. ஹோட்டலில் ஒரு தரம்கூடச் செய்யாத தப்பு.

தனராஜ் சாரையும் அழைத்துக்கொண்டு பத்மஜாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். பத்மஜா கண்ணாடியைக் கழற்றினார். “வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா அந்தப் பொண்ணு என்ன செஞ்சதோ அதுக்குத்தான் மார்க். ஏன் செஞ்சதுங்கறதுக்கு மார்க் ஷீட்ல இடமில்ல.”

“அப்ப எனக்குப் போடுங்க பூஜ்யம்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

தனராஜ் சார் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஒரு பக்கத்தை விரலால் காட்டினார். கற்பித்ததே தவறு என்று ஆசிரியர் எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்த ஒரு படியை மட்டும் மறுபடி செய்யச் சொல்லத் தேர்வாளருக்கு அதிகாரம் உண்டு. அந்தக் காகிதம் பல்கலைக்கழகக் கோப்பில் சேரும். அடுத்த மாதம் துறைத் தலைவர் பதவிக்கு என் பெயரை அனுப்புவதாக இருந்தார்கள். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

“யோசிச்சுக்கோங்க மேடம். நக்கோன்னா…”

“சும்மா இருங்க சார். பேனா இருக்கா?”

முதல் கடிதத்துக்கு நான்கு பக்கம் பிடித்தது. இதற்கு மூன்று வரி போதுமாக இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ஷீபா என்ற மாணவிக்கு நான் தலையணையைத் தவறான பக்கம் வைத்துக் காட்டினேன். அதுபற்றி அவர் மூன்று முறை கேட்டும் நான் பதில் சொல்லவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பாஸ்கர் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்மஜா ஷீபாவைக் கூப்பிட்டார். தப்பு எது என்று சொல்லவில்லை. “இங்கே கதவுகிட்ட வந்து நில்லுமா. நீதான் கெஸ்ட். இப்ப பாரு.” அவள் நின்று பார்த்தாள். நேராகப் போய் இரண்டு தலையணையையும் திருப்பி வைத்தாள். “புத்தகத்துல இப்படித்தான் இருந்துச்சு” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். பத்மஜா பூஜ்யத்தை அடித்துவிட்டு வேறு எண் எழுதினார். ஷீபா அங்கேயே நின்று அழுதாள். தாழ்வாரத்தில் குழந்தையும் அழுதது. நானும் அழுதேன் என்று பாஸ்கர் சார் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இல்லையென்று நான் சாதிக்கப் போவதில்லை.

துறைத் தலைவர் பதவி எனக்கு வரவில்லை. ஷீபா அந்த ஹோட்டலில் சேர்ந்தாள். இப்போது ஒரு மாடி முழுக்க அவள் பொறுப்பு. நான் வீடியோவை மறுபடி எடுத்துப் போட்டேன். ஓய்வு பெறும்வரை தினமும் பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.

ஸ்வப்னாவின் புது லெக்சரர்களே, விரிப்பின் இழுவையைத் திரையில் சொல்லித்தர முடியாது என்று இன்றும் நான் சொல்வேன். அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையில்லை. நீங்கள் மாட்டேன் என்று நின்றாலும் சரி, எடுத்துப் போட்டாலும் சரி. போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டு மட்டும் உட்காராதீர்கள். ஏன் என்றால், பரீட்சை முடிந்த அன்று மதியமே நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லாரும் போன பிறகு கண்ணாடிக் கூட்டிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தேன். மடிப்பில் எழுத்து பாதி அழிந்திருந்தது. ஸ்வப்னா பக்கத்தில் உட்கார்ந்து திறந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள். வீடியோவுக்குக் கீழே பதினோரு பதிவு இருந்தது, எல்லாம் ஷீபாவுடையது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இழுவை பற்றி ஒன்று. போர்வை எவ்வளவு கீழே வர வேண்டும் என்று ஒன்று. தலையணை வாய் பற்றி மூன்று. ‘மேடம், இவங்க இன்னிக்கு மூலையை நல்லா போட்டாங்க, நீங்க பாத்திருக்கணும்’ என்று ஒன்று. பிப்ரவரியில் எழுதிய கடைசிப் பதிவில் கேள்வி எதுவும் இல்லை.

‘மேடம், நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரச் சொல்லியிருக்காங்க. அதனால பத்து நாள் கிளாஸுக்கு வர முடியாது. என்னைக் காணலையேன்னு தேடாதீங்க. ஷீபா, ரோல் நம்பர் பதினாலு.’

நான் தேடவே இல்லை.

ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அதற்குக் கீழே எழுதினேன். ‘ஷீபா, இத்தனை நாள் கிளாஸுக்கு வராதவள் நான்தான். இன்னிக்கு வந்துட்டேன்.’ எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு மேலே போய், முதல் கேள்வியிலிருந்து பதில் எழுத ஆரம்பித்தேன்.